கும்மிருட்டுக்கு இங்கிலீஷில் என்ன?

கொல்லிமலையில் மழைக்காலத்து மாலைப்பொழுது சீக்கிரம் முடிந்து விடும். மேகம் இறங்கி வந்து வீட்டு வாசலில் நின்று கொள்ளும். பலாமரம் மறையும். அதில் படர்ந்த மிளகுக் கொடி மறையும். பத்தடி தள்ளிக் கட்டியிருக்கும் மாடும் மறையும். அப்புறம் இருட்டு. சாதாரண இருட்டா? கும்மிருட்டு!

இந்தக் கும்மிருட்டை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

சின்னக் கேள்விதான். ஆனால், கெட்டிக்காரப் பையன் ஒருவனின் வாயை இந்தச் சின்னக் கேள்வி அடைத்து விடும்.

கொல்லிமலையில் 14 நாடுகள் உண்டு. நாடு என்றதும் ராஜா, மந்திரி, கோட்டை என்று எண்ணி விட வேண்டாம். பல சிற்றூர்கள் சேர்ந்த பகுதிக்கு அங்கே நாடு என்று பெயர். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, சேலூர் நாடு என்று போகும் அந்த வரிசையில் ஒன்று திண்ணனூர் நாடு. முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்த இந்த மலை, 1997-ஆம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியில் இருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் பேசுவது தமிழ்.

திண்ணனூர் நாட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். சோளக்காட்டுக்குப் போய்த் திரும்பும்போது மழையில் மாட்டிக் கொண்டான். மறுநாள் சிநேகிதனிடம் அந்தக் கதையைச் சொல்கிறான்.

"வழியெல்லாம் கும்மிருட்டுடா! தொப்பலா நனைஞ்சிட்டேன். எலும்பைத் துளைக்கிற குளிரு. ஒரு பக்கம் பார்த்தா கிடுகிடு பள்ளம். புத்தம் புதுக் குடை, அதுவும் போச்சு. உடம்பு முச்சூடும் வலி. வந்து படுத்தவன்தான், அடிச்சுப் போட்டாப்பல தூங்கிட்டேன்."

கேட்கிறவனுக்குக் குளிர் எடுக்கும்! அப்படிச் சொல்லி விட்டான்.

வகுப்பில் வாத்தியார், "ஒரு மழை நாள்" என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொல்கிறார். அதே பையன், அதே கதை. எழுதியதைப் பாருங்கள்:

"இட் வாஸ் வெரி டார்க். ஐ வாஸ் வெரி வெட். இட் வாஸ் வெரி கோல்ட். தி வேலி வாஸ் வெரி டீப். மை அம்ப்ரெல்லா வாஸ் வெரி நியூ. ஐ வாஸ் வெரி டயர்ட். ஐ ஸ்லெப்ட் வெரி வெல்."

தப்பு ஒன்றும் இல்லை. இலக்கணம் சரி. ஆனால் உப்பில்லாத களி! ஏழு வாக்கியம், ஏழு "வெரி". தமிழில் ராஜாவாக இருந்தவன் ஆங்கிலத்தில் பரம ஏழை ஆகி விட்டான்.

இதில் பெரிய நஷ்டம் மதிப்பெண் அல்ல. நாளைக்கு இந்தப் பையன் மலையை விட்டு இறங்குவான். கல்லூரியில் இடம் கேட்டு நிற்பான். வேலைக்குப் பேட்டி கொடுப்பான். எதிரே உட்கார்ந்திருப்பவர் அவன் ஆங்கிலத்தைக் கேட்டு, "இவனுக்கு இவ்வளவுதான் தெரியும்" என்று முடிவு கட்டி விடுவார். பையனும் அதை நம்பி விடுவான். அங்கேதான் ஆபத்து. மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் நடக்கின்றன. அங்கே தங்கிப் படிக்கும் பிள்ளைகளில், வீட்டில் முதல் முதலாகப் புத்தகம் பிடித்தவர்கள் பலர். அறிவு அவர்களுக்குக் குறைச்சல் இல்லை. குறைந்திருப்பது சில சொற்கள். அந்தச் சொற்களின் சூட்சுமமும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். தெரியும் என்பது மட்டும்தான் தெரியாது!

நிரம்பி வழிந்த சொல்

முதலில் இந்த "வெரி" யார் என்று பார்த்து விடலாம்.

பூர்வீகத்தில் இவர் ஆங்கிலேயரே அல்ல. 1066-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்களுடைய பேச்சில் இருந்து ஆங்கிலத்தில் நுழைந்தவர் இவர். அப்போது இவருக்குப் பொருள் "உண்மையான" என்பது. "உண்மையாகவே குளிர்" என்று சொல்லிச் சொல்லி, நாளாவட்டத்தில் "மிகவும் குளிர்" என்று ஆகி விட்டது. நாமும் "நிஜமாகவே குளிருதுப்பா" என்று சொல்வதில்லையா? அதே கதை.

நம்முடைய "ரொம்ப" எங்கிருந்து வந்தது? "நிரம்ப" என்பதுதான் தேய்ந்து "ரொம்ப" ஆயிற்று. கொங்கு நாட்டில் "நெம்ப" என்பார்கள். அதில் பழைய சொல்லின் முகம் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. குடம் நிரம்புவது போல ஒரு குணம் நிரம்பி நின்றால் அது "ரொம்ப".

ஆங்கிலத்தில் "கம்ப்ளீட்" என்று ஒரு சொல் உண்டு. பையன்கள் பேச்சில் கூட வந்து விட்டது. "வேலை கம்ப்ளீட்" என்கிறார்கள். லத்தீன் மொழியில் அதன் மூலச் சொல்லுக்குப் பொருள், நிரப்புவது! "பஸ் ஃபுல்" என்கிறோமே, அந்த "ஃபுல்" என்பதும் நிரம்பியதுதான். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களும் "மிகவும்" என்று சொல்ல அந்த "ஃபுல்" என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். ஆக, ஏழு கடல் தாண்டி இருந்தவனும் நம்மைப் போலவே குடத்தை நிரப்பித்தான் அளவைக் காட்டியிருக்கிறான்.

ஆனால் ஒரு வித்தியாசம் வந்து விட்டது. நம் நிரப்பல் "மிகுதி" ஆயிற்று. அவர்கள் நிரப்பல் "முழுமை" ஆயிற்று. மிகுதி வேறு, முழுமை வேறு. இதை விளங்கிக் கொள்ளாமல் மேலே போக முடியாது.

ரொம்பச் செத்துப் போனான்!

"கிழவர் ரொம்பச் செத்துப் போனார்" என்று யாராவது சொன்னால் சாவு வீட்டில் கூடச் சிரிப்பு வந்து விடும். ஏன்?

குளிருக்குப் படிகள் உண்டு. கொஞ்சம் குளிர், நல்ல குளிர், கடுங்குளிர். படி ஏறிக் கொண்டே போகலாம். அதனால் "ரொம்பக் குளிர்" சரி. சாவுக்குப் படி ஏது? ஒருவர் செத்திருப்பார், அல்லது பிழைத்திருப்பார். குடம் காலி என்றால் காலிதான். "ரொம்பக் காலி" என்று எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான். "சுத்தமாகக் காலி", "அடியோடு காலி", "முழுக்கக் காலி" என்பான்.

படி உள்ள இடத்தில் மிகுதிச் சொல். விளிம்பு உள்ள இடத்தில் முழுமைச் சொல். இந்த வேற்றுமை பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரியும். ஆங்கிலத்திலும் இதே வழக்கம்தான். குளிருக்கு "வெரி" போடலாம். காலிக்குக் "கம்ப்ளீட்லி" போட வேண்டும். செத்ததற்கு "ஸ்டோன் டெட்" என்பார்கள். கல்லாகி விட்டான் என்று அர்த்தம்.

"ஊர் முச்சூடும்", "நாள் பூராவும்", "கூண்டோடு", "வேரோடு", "ஒட்டுமொத்தமாக", "ஒன்று விடாமல்" என்று முழுமைக்கு நம்மிடம் இருக்கும் சொற்களை எண்ணி மாளாது. அதிலும் எது எங்கே என்று ஒரு கணக்கு உண்டு. கட்சிக்காரர்கள் கூண்டோடு விலகலாம். மரம் வேரோடு சாயலாம். மரம் கூண்டோடு சாய்வதில்லை!

பத்துப் பொருத்தம்

இங்கேதான் பையன் ஒரு காரியம் செய்கிறான். "வெரி" போதாது என்று வாத்தியார் சொன்னதும், கைடு ஒன்றை வாங்கி, ஒரே பொருள் தரும் சொற்களின் பட்டியலை உருப்போடுகிறான். அட்டர், ஷியர், தரோ, டோட்டல், ஆப்ஸல்யூட், கம்ப்ளீட். உருப்போட்டு முடித்ததும் கட்டுரையில் "வெரி" இருந்த இடத்தில் எல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கிறான். "தரோ டார்க்னெஸ்" என்கிறான். "அட்டர்லி நியூ அம்ப்ரெல்லா" என்கிறான். முன்பு உப்பில்லாத களி. இப்போது களியில் சர்க்கரை, மிளகாய், புளி எல்லாம்!

பட்டியல் போடுவது தப்பா? இல்லை. நம் முன்னோரும் போட்டார்கள். திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் இருக்கின்றன. ஒரு பொருளுக்கு உள்ள பல சொற்களை அவை தொகுத்துத் தருகின்றன. சமணப் பெரியவர் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலைகீழாக ஒப்பிப்பார்கள். ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்த பெரிய ஆசாமி பீட்டர் மார்க் ரோஜெட் என்ற டாக்டர். அவருடைய சொற்களஞ்சியம் 1852-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அவருக்கு வயது 73! நாடி பார்த்த கைதான் சொற்களையும் இனம் பிரித்து அடுக்கியது.

ஆனால், பட்டியல் என்பது கல்யாணத் தரகர் மாதிரி. "பெண் இருக்கிறது, பையன் இருக்கிறான்" என்று சொல்லும். பத்துப் பொருத்தம் பார்க்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் இந்தப் பொருத்தம் எப்படிப் பார்க்கிறோம் என்பது வேடிக்கை. பகலுக்குப் பட்டப்பகல். இரவுக்கு நள்ளிரவு. "பட்ட இரவு" உண்டா? பணக்காரன் கொழுத்த பணக்காரன். ஏழை பரம ஏழை. "கொழுத்த ஏழை" என்று ஒருவனை எங்கேயும் பார்க்க முடியாது. முட்டாள் என்றால் வடிகட்டின முட்டாள். புத்திசாலியை யாரும் வடிகட்டுவதில்லை. காது கேளாதவர் டமாரச் செவிடு, கண் தெரியாதவருக்கு அந்த டமாரம் கிடையாது. பச்சைக் குழந்தை உண்டு, பச்சைக் கிழவர் இல்லை. தொண்டு கிழவர் உண்டு, தொண்டுக் குழந்தை இல்லை.

இதையெல்லாம் எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்? எந்தக் கைடில் இருக்கிறது? அம்மா பேசக் கேட்டு, அடுத்த வீட்டுக்காரி சண்டை போடக் கேட்டு, சந்தையில் கேட்டு, தானாக வந்தது. நம் திண்ணனூர்ப் பையன் ஏழு வயதிலேயே இந்தப் பரீட்சையில் தேறி விட்டான். ஆங்கிலத்திலும் வேறு பரீட்சை இல்லை. அதே பொருத்தம்தான். இருட்டுக்குப் "பிட்ச்". விழிப்புக்கு "வைட்". தூக்கத்துக்கு "ஃபாஸ்ட்". புதுசுக்குப் "பிராண்ட்". களைப்புக்கு "டெட்". இடம் மாறி "பிட்ச் டயர்ட்" என்றால் வெள்ளைக்காரன் சிரிப்பான். நாம் "கொழுத்த ஏழை"க்குச் சிரிப்பது போல!

ஆகவே சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யக் கூடாது. ஜோடியாகச் செய்ய வேண்டும். இதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் விற்கிற கைடுகளை என்ன சொல்வது? படு மோசம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மையும் கீலும்

இந்த ஜோடிகள் எப்படிச் சேர்ந்தன? உள்ளே நுழைந்து பார்த்தால், பாதிக்குப் பாதி நம் வீட்டுச் சங்கதியாகவே இருக்கிறது.

கும்மிருட்டை எடுத்துக் கொள்ளுங்கள். அதை நாம் "மையிருட்டு" என்றும் சொல்வோம். கண்ணுக்கு இடும் மை போன்ற கறுப்பு. வெள்ளைக்காரன் "பிட்ச் டார்க்" என்கிறான். "பிட்ச்" என்றால் கீல். படகின் பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் இருக்கக் காய்ச்சிப் பூசுவார்களே, அது. அவன் கடலோடி. அவன் கண்ணுக்குக் கறுப்பு என்றால் கீல். நமக்கு மை. இருட்டு ஒன்றுதான்.

எலும்பைத் துளைக்கும் குளிருக்கு அவனும் எலும்பைத்தான் காட்டுகிறான். "சில்ட் டு தி போன்." எலும்பு வரை சில்லிட்டு விட்டதாம். இதில் மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை.

"ஷியர்" என்ற சொல் கொஞ்சம் பிகு பண்ணும். பழைய நாளில் அதற்குத் தெளிவான, கலப்பில்லாத என்று பொருள். கலப்பில்லாத அபத்தம் "ஷியர் நான்சென்ஸ்". நாம் என்ன சொல்கிறோம்? "வடிகட்டின அபத்தம்!" பால், மோர், காப்பி எதையானாலும் கசடு போக வடிகட்டினால் சுத்தமாக நிற்பது போல, உண்மை என்ற கசடு ஒரு துளியும் இல்லாமல் வடிகட்டி எடுத்த பொய்! இரண்டு மொழிக்காரர்களும் பேசி வைத்துக் கொண்டு செய்தது போல் இருக்கிறது. இதே "ஷியர்" மலைப் பக்கம் வந்தால் வேறு வேஷம் போடும். சரிவே இல்லாமல் நேராக இறங்கும் பாறைக்கு "ஷியர் கிளிஃப்" என்றும், அப்படிப்பட்ட பள்ளத்துக்கு "ஷியர் டிராப்" என்றும் பெயர். பையன் சொன்ன கிடுகிடு பள்ளம் இதுதான். கொல்லிமலைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

"அட்டர்" என்றால் மூலப் பொருள் "வெளியே உள்ள". அதாவது எல்லைக்கே போய் விட்டது. பெரும்பாலும் கெட்ட சகவாசம் இதற்கு. தோல்வி, குழப்பம், நாசம், அபத்தம் இவைதான் கூட்டாளிகள். நம் "படு" மாதிரி. படுதோல்வி, படுநாசம், படுபாவி. எப்போதாவது "படு ஜோர்" என்று நல்லவர் வீட்டுக்கும் "படு" போய் வரும். "அட்டர்" கூட அப்படித்தான்.

"தரோ" என்பது ஊடே புகுந்து மறுபக்கம் வருவது. ஆகவே அது வேலை செய்யும் ஜாதி. தேடுவது, துடைப்பது, படிப்பது, விசாரிப்பது என்று ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். போலீசார் "சல்லடை போட்டுத் தேடினார்கள்" என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அந்தச் சல்லடைதான் "தரோ".

"பிராண்ட் நியூ" என்றதும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கம்பெனி முத்திரையை நினைப்பார்கள். "பிராண்ட்" என்றால் ஆதியில் நெருப்பு, எரிகிற கட்டை. கொல்லன் உலையில் இருந்து இப்போதுதான் எடுத்தது, சூடு கூட ஆறவில்லை, அவ்வளவு புதுசு. பிற்பாடு மாட்டுக்கும் பெட்டிக்கும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அடையாளச் சூடு போட்டார்கள். அதனால் முத்திரைக்கும் அதே பெயர் வந்தது. குடை உலையில் இருந்து வராது. ஆனாலும் புதுக் குடைக்கும் "பிராண்ட் நியூ" என்றே சொல்ல வேண்டும். "புத்தம் புது" என்று நாம் சொல்லும்போது மட்டும் எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டா சொல்கிறோம்?

இன்னொன்று. ஒட்டுத் துணி இல்லாத கோலத்துக்கு "ஸ்டார்க் நேக்கட்" என்பார்கள். "ஸ்டார்க்" என்றால் விறைப்பு, வலிமை என்று பொருள் சொல்வது வழக்கம். இந்த ஜோடியில் மட்டும் அது செல்லாது. பழைய சொல் "ஸ்டார்ட்". அதற்குப் பொருள் வால்! வால் வரைக்கும் அம்மணம் என்று யாரோ கேலியாகச் சொல்லப் போக, பின்னால் வந்தவர்களுக்கு வால் மறந்து போய், "ஸ்டார்ட்" என்பது "ஸ்டார்க்" ஆகி விட்டது. மரியாதையான பெரிய மனிதர்களும் இன்று அந்த வாலை அறியாமல் பேசிக் கொண்டிருக்கிறார்கள்.

ஓரியின் வில்

மிகுதியைச் சொல்ல எத்தனை சொல் என்று எண்ணிப் பார்த்த முதல் ஆட்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். தொல்காப்பியர் தம் சொல்லதிகாரத்தில் இதற்கு இடம் ஒதுக்கி, நனி, தவ, உறு என்று மூன்று சொற்களைக் காட்டினார். 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சால, கூர், கழி என்ற மூன்றையும் சேர்த்து ஆறாக்கினார். இவற்றுக்கு உரிச்சொல் என்று பெயர்.

ஆறும் செத்துப் போன சொற்கள் என்று நினைக்க வேண்டாம். கலெக்டருக்கு மனு எழுதுகிறவர் "அன்புகூர்ந்து ஆவன செய்யுமாறு" என்று எழுதுகிறார். அந்தக் "கூர்" இதுதான். அன்பு மிகுந்து என்று அர்த்தம். நன்றி சொல்கிறவர் "உறுதுணையாக இருந்தார்" என்கிறார். அதில் "உறு" இருக்கிறது. மேடையில் "சாலச் சிறந்தது" என்று முழங்குகிறார்கள். "சால" நம் வீட்டில் வெள்ளிக்கிழமை உடுத்தும் பட்டுப் புடவை ஆகி விட்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்கில் அது தினம் கட்டும் நூல் புடவை. அங்கே இன்றும் எதற்கெடுத்தாலும் "சாலா"தான். "தவ" மட்டும் ஏட்டோடு நின்று விட்டது. ஆங்கிலத்திலும் இப்படி ஒன்று போயிற்று. "வெரி" வருவதற்கு முன் அங்கே கொடி கட்டிப் பறந்த ஒரு சொல்லுக்கு மூலப் பொருள் "வலிமை". இன்று அதை அகராதியில்தான் தேட வேண்டும்.

வலிமை என்றதும் கொல்லிமலைக்கே திரும்பி வர வேண்டியிருக்கிறது. இந்த மலையை ஆண்ட வள்ளலின் பெயரே வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஆடி மாதத்தில் அவன் பெயரால் மலையில் விழா நடக்கிறது. அவன் வில் எப்படிப்பட்ட வில்? வன்பரணர் என்ற புலவர் புறநானூற்றில் சொல்கிறார். எய்த அம்பு யானையை வீழ்த்தியது. அதோடு நிற்காமல் புலியைக் கொன்றது. பிறகு புள்ளிமானை உருட்டியது. காட்டுப் பன்றியைச் சாய்த்தது. கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின் உடம்பில் போய்த் தைத்து நின்றது. ஒரே அம்பு!

கவனித்துப் பாருங்கள். "மிக மிக மிகப் பலமான வில்" என்று புலவர் அடுக்கவில்லை. "வல்" என்று ஓர் எழுத்தடி முன்னால். அதற்கு மேல் ஐந்து பிராணிகளை வரிசையாக நிறுத்தி விட்டார். பலம் எவ்வளவு என்பதைக் கேட்கிறவனே கணக்குப் போட்டுக் கொள்ள வேண்டியதுதான். இன்று கிரிக்கெட் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினாலும் "செம", பாயசம் ருசித்தாலும் "செம", பரீட்சை கஷ்டமாக இருந்தாலும் "செம" என்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் கோபித்துப் பயனில்லை. ஆனால் அவர்கள் காதில் வேறு சொற்களும் விழ வேண்டும். பாட்டி பேசினால் விழும். பாட்டியோடு பேச நேரம் வேண்டும்.

வேகமாகத் தூங்கினான்

பையனுக்கு இன்னும் ஒரு ஜோடி பாக்கி இருக்கிறது. "ஃபாஸ்ட் அஸ்லீப்." இதைப் பார்த்ததும், "வேகமாகத் தூங்கினான்" என்று எழுதாத மாணவர் குறைவு. தூக்கத்தில் என்ன வேகம்? ரெயிலா ஓடுகிறது?

"ஃபாஸ்ட்" என்ற சொல்லுக்கு ஆதியில் வேகம் என்ற பொருளே கிடையாது. அசையாத, இறுகிய, உறுதியான என்பதுதான் பொருள். வேகம் பிற்பாடு வந்து ஒட்டிக் கொண்டது. பழைய பொருள் போய் விட்டதா என்றால், ஜவுளிக் கடையில் கேட்டுப் பாருங்கள். சேலையை விரித்துப் போட்டு, "ஃபாஸ்ட் கலர், அம்மா!" என்பார் கடைக்காரர். வேகமான சாயம் என்றா அர்த்தம்? ஓடாத சாயம்! இறுகப் பிடித்த சாயம். அது போல இறுகப் பிடித்த தூக்கம் "ஃபாஸ்ட் அஸ்லீப்". யார் எழுப்பினாலும் அசையாத தூக்கம்.

தமிழில் இந்த உறுதிக்கு என்ன சொல்? "திண்." திண்மை, திண்ணம், திண்டு எல்லாம் அதில் பிறந்தவை. கண்ணப்ப நாயனார் குழந்தையாக இருந்தபோது, தூக்கிய கைக்குத் திண்ணென்று கனத்ததால் திண்ணன் என்று தகப்பனார் பெயர் வைத்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. திண்ணனூர் நாட்டுப் பையன் தன் ஊர்ப் பெயரை ஒவ்வொரு நோட்டின் அட்டையிலும் எழுதி வைத்திருக்கிறான். ஊர்ப் பெயரை உச்சரிக்கும் போதெல்லாம் அந்தத் "திண்" அவன் வாயில் வந்து போகிறது. "ஃபாஸ்ட்" என்ற சொல்லின் அர்த்தத்தைத் தேடி அவன் அதிக தூரம் போக வேண்டியதில்லை.

கட்டுரையைத் திரும்ப எழுதுகிறான்.

"இட் வாஸ் பிட்ச் டார்க். ஐ வாஸ் சோக்கிங் வெட், அண்ட் சில்ட் டு தி போன். ஆன் ஒன் சைட் தேர் வாஸ் எ ஷியர் டிராப். மை பிராண்ட் நியூ அம்ப்ரெல்லா வாஸ் கம்ப்ளீட்லி ரூயின்ட். ஐ வாஸ் டெட் டயர்ட். சூன் ஐ வாஸ் ஃபாஸ்ட் அஸ்லீப்."

"வெரி" ஒன்று கூட இல்லை. சிநேகிதனிடம் சொன்ன அதே கதை, அதே குளிர்.

ராத்திரி அடுப்பங்கரையில் உட்கார்ந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறான். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. முதல் வரியிலேயே நிறுத்துகிறார்.

"பிட்ச்னா என்னடா?"

"கீலுப்பா. தார் மாதிரி இருக்கும். அவ்வளவு இருட்டுன்னு அர்த்தம்."

மலைச் சாலைக்குத் தார் ஊற்றியபோது கூலி வேலைக்குப் போனவர் அவர். அந்தக் கறுப்பு கையில் ஒட்டினால் எத்தனை நாளைக்குப் போகாது என்று அவருக்குத் தெரியும். வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார். மேகம் இறங்கி விட்டிருக்கிறது. எதுவும் தெரியவில்லை.

"சரியாத்தான் எழுதியிருக்கே. மேல படி" என்கிறார்.